கவருக்குள் தங்கும் ஈரம்: காரை மூடிவைத்த ஒரு குளிர்காலம்

எங்கள் காருக்குக் கூரை கிடையாது. வீட்டை ஒட்டிய திறந்தவெளியில்தான் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. பதினோரு வயது கார், அடர்நீலம். வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறைதான் எடுக்கிறோம். இன்னும் பல வருடம் அதை ஓட்ட வேண்டும் என்பதால், இந்தக் குளிர்காலம் முழுக்க மூடியே வைப்பது என்று முடிவு செய்தேன். முதல் பத்து நாளிலேயே, மூடாமல் விட்டிருந்தால் வந்தே இருக்காத இரண்டு சேதங்கள் வந்துவிட்டன. அதனால்தான் இதை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் போர்த்தியது ஒரு நீலத் தார்ப்பாய். வீட்டில் இருந்தது, கெட்டியானது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அந்தக் கடைசிக் குணத்துக்காகத்தான் அதை எடுத்தேன். அன்று மாலை லேசாகத் தூறியிருந்தது. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, தார்ப்பாயை விரித்து, மூலை வளையங்களில் கயிறு கோத்துச் சக்கரங்களோடு கட்டினேன்.

இரவு மைனஸ் 4 டிகிரிக்கு இறங்கியது. காலையில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் வரவில்லை. முன்கண்ணாடி, பானெட், கூரை மூன்றிலும் தார்ப்பாய் பசை போட்டதுபோல ஒட்டியிருந்தது. வெயில் ஏறும்வரை காத்திருந்து மெதுவாக உரித்தபோது, தார்ப்பாயின் பின்னல் கண்ணாடி மேலிருந்த ஐஸில் கட்டம் கட்டமாக அச்சாகியிருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சிறு காற்றுக்குமிழ். வெளியே அவ்வளவாகப் பனியே விழவில்லை. அந்த ஐஸ் முழுக்க உள்ளேயே உருவானது.

நடந்தது இதுதான். தண்ணீரை உள்ளே விடாத பிளாஸ்டிக், நீராவியை வெளியேயும் விடாது. காரில் மிச்சமிருந்த ஈரம், அடியிலிருந்த ஈரத்தரை, இரண்டிலிருந்தும் நீராவி எழுந்துகொண்டே இருக்கும். மேகமில்லாத இரவில் தார்ப்பாய் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ந்த பரப்பின் உள்பக்கம் நீராவி படிந்து, துளியாகி, காரைத் தொடும் இடத்தில் உறைந்துவிடும்.

இரண்டாவது சேதம் காற்றால் வந்தது. ஒரு ராத்திரி முழுக்க நல்ல காற்று. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது தூக்கத்திலும் கேட்டது. மறுநாள் இடதுபக்க முன் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல். நேராகப் பார்த்தால் தூசி போலத்தான் தெரிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் வளைந்து வளைந்து ஓடின. நடுவில், மூலை வளையத்தின் உலோகம் பட்டு இழுத்த ஒரு நீளக் கோடு.

மட்கார்டைச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஆனது. பாலிஷ் வேலையை உறைகுளிரில் செய்ய முடியாது என்பதால், நண்பரின் வெதுவெதுப்பான கராஜில் ஒரு நாள் இடம் கேட்டு வாங்கினேன். நன்றாகக் கழுவி, உலர்த்தி, சுற்றியிருந்த ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். பிறகு நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்த்தேன். மெல்லிய கீறல்கள் எதிலும் நகம் தட்டவில்லை. அப்படியென்றால் அவை நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சில், அதாவது கிளியர் கோட்டில் மட்டும்தான் இருக்கின்றன. நீளக் கோட்டில் மட்டும் நகம் நின்றது.

இங்கே அவசரம் கூடாது. கிளியர் கோட் என்பது பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். ஒவ்வொரு தடவை கம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போய்விடும், போனது திரும்ப வராது. அதனால் மிஷின் வேண்டாம் என்று கையாலேயே செய்தேன். நுரைத் திண்டில் மொச்சைக்கொட்டை அளவு கம்பவுண்ட், கை அகலத்துக்கு மேல் போகாமல், குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை. துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் இன்னொரு முறை. அப்புறம் வேறொரு திண்டில் பாலிஷ். மங்கல் மறைந்து நீலம் ஆழமாகத் தெரிந்தபோது மனசுக்கு அவ்வளவு நிறைவு.

நீளக் கோட்டைத் தேய்த்து மறைக்க முயலவில்லை. அந்த ஆழத்துக்குத் தேய்த்தால் சுற்றியுள்ள கிளியர் கோட்டும் போய்விடும். பல்குச்சியின் நுனியில் டச்சப் கிளியர் என்ற நிறமற்ற பூச்சைத் தொட்டு, கோட்டின் பள்ளத்தில் மட்டும் துளித்துளியாக விட்டு உலரவிட்டேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் தேடினால் தெரியும். தண்ணீர் இறங்காது, அதுதான் முக்கியம்.

தார்ப்பாயை அன்றோடு நிறுத்திவிட்டு, முறையான கவர் தேட ஆரம்பித்தேன். எல்லாக் கவரின் பெட்டியிலும் நீர்புகாதது, காற்றோட்டம் உள்ளது என்று இரண்டுமே போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்குவதைவிட வீட்டிலேயே சோதிப்பது நல்லது. மாதிரித் துண்டு கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டால் கவரின் ஓரத்தை வைத்தே பார்க்கலாம். ஒரு டம்ளரில் பாதிவரை கொதிநீர். அதன் வாயில் துணியைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கி, மேலே ஒரு விரல் உயரத்தில் குளிர்ந்த கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். கண்ணாடி மங்கினால் நீராவி வெளியே வருகிறது என்று அர்த்தம். தார்ப்பாய்த் துண்டைப் போட்டுப் பார்த்தேன், கண்ணாடி பளிச்சென்றே இருந்தது. மூன்றடுக்குத் துணி ஒன்றைப் போட்டேன், சிறிது நேரத்திலேயே புகை படிந்தது. பிறகு அதே துணியைக் குழியாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். அடியில் ஒரு துளி இல்லை.

அந்தத் துணியின் வெளியடுக்கும் உள்ளடுக்கும் நெய்யாத பாலிப்ரொப்பிலீன். நடுவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய படலம். நீராவி அந்தத் துளைகள் வழியே போய்விடும். தண்ணீர்த் துளியோ பரப்பு இழுவிசையால் உருண்டு நிற்பதால் அதற்குள் நுழைய முடியாது. காரைத் தொடும் பக்கத்தில் பஞ்சுபோன்ற மென்மையான துணி ஒட்டியிருந்தது. பக்கக் கண்ணாடிகளுக்குத் தனிப் பைகள், சுற்றிலும் எலாஸ்டிக், வயிற்றுக்கு அடியில் போகும் ஒரு பட்டை. இதைத்தான் எடுத்தேன். ஒற்றை அடுக்காக, தொட்டால் பட்டுபோல இருக்கும் கவர்களும் உண்டு. அவை கூரைக்கடியில் நிற்கும் காரின் தூசிக்கு நல்லவை, பனிக்கு ஆகாது.

கவர் நீளத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. பின்பக்க மூலைகளில் மட்டும் தொளதொள. துணி காற்றில் ஆட ஆடக் கீறும் என்பதை மட்கார்டில் பார்த்துவிட்டதால் அதை அப்படியே விட மனமில்லை. அடிப்பட்டை ஒன்றுதான் தந்திருந்தார்கள், முன்சக்கரத்துக்குப் பின்னால் வரும்படி. பின்சக்கரத்துக்கு முன்னால் இன்னொன்று நானே தைத்தேன். இரண்டு அங்குல நைலான் பட்டை, பிளாஸ்டிக் பக்கிள். உலோகப் பக்கிள் கெட்டியாக இருக்கும்தான், ஆனால் அவிழ்க்கும்போது கைதவறினால் நேராகக் கதவில் போய் அடிக்கும். தைத்த ஊசித்துளைகள் வழியே தண்ணீர் இறங்கும் என்பதால், தையல் எல்லாவற்றையும் கதவுக் கைப்பிடிக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, மேலே டென்ட்டுக்குப் பூசும் தையல் அடைப்புப் பசையைத் தடவினேன். தொளதொளத்த மூலைகளில் துணியை இரண்டு விரல் மடித்து எலாஸ்டிக்கோடு பிடித்துவிட்டேன். ஆன்டெனாவுக்குக் குழாய்மேல் சுற்றும் நுரை உறையில் ஒரு துண்டு, நம்பர் பிளேட்டின் கூர்மூலைகளுக்கும் அதே நுரை. முன்பக்கம் எது என்று உடனே தெரிந்துகொள்ள, அதன் விளிம்பில் சிவப்பு நூலால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டுவைத்தேன். இருட்டில், உறைந்த விரல்களோடு, எது முன், எது பின் என்று தேடுவது கொடுமை.

போர்த்துவதற்கு முன்பு செய்யும் வேலைதான் பாதி வேலை. அழுக்கான காரின் மேல் எவ்வளவு மென்மையான துணியைப் போட்டாலும், நடுவில் மணல் இருந்தால் அது உப்புத்தாள்தான். அதைவிடப் பெரிய விஷயம், பனி உருகச் சாலையில் தூவும் உப்பு. உப்பு கலந்த நீர் மைனஸ் 21 டிகிரி வரைகூட உறையாமல் இருக்க முடியும். அதனால் ‘எல்லாம் உறைந்துவிட்டது, துரு பிடிக்காது’ என்று இருக்க முடியாது. காய்ந்த உப்பும் சும்மா இராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கவருக்குள் அந்த ஈரப்பதம் சாதாரணமாகவே வந்துவிடும். உப்புக் காரைக் கழுவாமல் மூடுவதைவிட மூடாமல் விடுவதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதனால் பூஜ்யத்துக்கு மேல் வெப்பநிலை உள்ள நாளாகப் பார்த்துக் கழுவுவேன். மேலே கழுவுவதைவிடச் சக்கர வளைவுகளுக்குள்ளும் அடிப்பாகத்திலும் தண்ணீர் பீய்ச்சுவதற்கு அதிக நேரம். பிறகு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வருவேன், பிரேக்கில் நிற்கும் தண்ணீர் போக வேண்டும். கதவு ரப்பர்களைத் துடைத்து சிலிக்கோன் தடவினால் கதவு உறைந்து ஒட்டாது. அப்புறம் அரை மணி நேரம் காத்திருப்பு. சைலன்சர் சூடாக இருக்கும்போது கவர் பட்டால் பாலிப்ரொப்பிலீன் உருகி ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுவேன். ஈரமான பிரேக் இழுத்த நிலையில் உறைந்தால் விடாது.

இப்படிப் போட்ட கவரின் அருமை மேகமில்லாத இரவுகளில் தெரிந்தது. வானிலை 2 டிகிரி என்று காட்டும், பூஜ்யத்துக்கு மேல்தானே என்று தோன்றும். ஆனாலும் காலையில் தெருவில் நிற்கும் கார்களின் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். திறந்த வானத்தைப் பார்த்த கண்ணாடி வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துபோவதால் வருவது அது. கவர் போட்டால் வானத்தைப் பார்ப்பது கவர்தான். உறைபனி அதன் முதுகில் படியும், உதறினால் உதிரும். அடியில் கண்ணாடி உலர்ந்து இருக்கும். சுரண்டும் வேலை முழுக்கப் போய்விட்டது.

விழுந்த பனியை எடுப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். புதிதாக விழுந்த பனி பஞ்சு, நுரைத்தலை வைத்த துடைப்பத்தால் தள்ளினால் போய்விடும். தள்ள வேண்டும், இழுத்துத் தேய்க்கக் கூடாது, இரும்பு மண்வாரி பக்கத்திலேயே வரக் கூடாது. நடுக்கூரையிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளிய பிறகுதான் பட்டையை அவிழ்ப்பேன். பிறகு பக்கங்களை மேலே தூக்கிக் கூரைமேல் மடித்து, முன்னாலிருந்து பின்னால் சுருட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஈரமான வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தோடே சேரும், காரைத் தொடும் உள்பக்கம் தரையில் படவே படாது. இதற்கு இரண்டு பேர் இருந்தால் சுகம். “நீங்க அந்த முனையை விட்டுடாதீங்க, நான் இந்தப் பக்கம் மடிச்சிட்டு வர்றேன்” என்று என் மனைவி சொல்லிச் சொல்லியே இப்போது இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். தனியாகச் செய்தால் பத்து நிமிடம்.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் உறைமழை பெய்தது. மழையாகவே விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிவிடும் மழை. காலையில் கவர் ஒரு கண்ணாடி ஓடாகியிருந்தது, தட்டினால் டக் டக் என்று சத்தம். வெளியே ஐஸ் மூடிவிட்டால் நுண்துளைகளும் அடைபட்டுவிடும், எவ்வளவு நல்ல துணியானாலும் அந்த நேரத்தில் அது தார்ப்பாய் மாதிரிதான். பக்கத்துணியை உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தட்டி ஐஸை உடைத்தேன். பக்கமும் பின்பக்கமும் விட்டுக்கொடுத்தன. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு மட்டும் ஒட்டியிருந்தது. அங்கே இழுக்கவில்லை. இழுத்தால் கவரின் உள்மென்துணி பிய்ந்து கண்ணாடியிலேயே தங்கிவிடும். சுடுநீரும் ஊற்றக் கூடாது. சூட்டில் ஒரு இடம் மட்டும் விரிந்து கண்ணாடி வெடிக்கலாம், வெடிக்காவிட்டாலும் ஊற்றிய நீர் நிமிடத்தில் இன்னொரு ஐஸ் அடுக்காகிவிடும். கவரைப் போட்டபடி என்ஜினை ஓடவிடுவதும் கூடாது. சைலன்சர் சூடு ஒரு பக்கம், துணிக்கடியில் தேங்கும் புகை அதைவிட ஆபத்து. அன்று கார் அவசியமில்லாததால் மதிய வெயில்வரை விட்டேன், தானாகக் கழன்றது. பின்னொரு நாள் அவசரமாகப் போக வேண்டியிருந்தபோது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, கண்ணாடியும் துணியும் சேரும் கோட்டில் மட்டும் தெளித்தேன். சில நிமிடத்தில் விட்டுவிட்டது.

ஆனால் காருக்கு மோசமான நாள் உறைமழை நாள் அல்ல. பனி இளகும் நாள்தான். ஒரு வாரம் மைனஸ் 10 டிகிரியில் கிடந்த பிறகு, திடீரென்று ஒரு நாள் 6 டிகிரி, ஈரக்காற்று. குளிர் விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். மாலையில் எதற்கோ கவரைத் தூக்கிப் பார்த்தால், கூரையிலிருந்து கதவுவரை தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. மழை பெய்யவில்லை, கவர் எங்கும் கிழியவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வேர்க்குமே, அதுதான். காற்று சில மணி நேரத்தில் சூடாகிவிட்டது, அத்தனை கிலோ இரும்பு இன்னும் சூடாகவில்லை. ஈரக்காற்று குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் வேர்த்துவிட்டது. கவர் நீராவியை வெளியே விடும்தான், ஆனால் இவ்வளவு தண்ணீரையும் ஒரே ராத்திரியில் விடாது. அன்று இரவே மறுபடி மைனஸுக்குப் போயிருந்தால், தார்ப்பாய் கதை திரும்பியிருக்கும்.

அன்றிலிருந்து வானிலை முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது இளகும் நாள் எது என்பதைத்தான். அன்று காலையிலேயே கவரைக் கழற்றிவிடுவேன். காரை எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மாலையில் துடைத்து, உலர்ந்த பிறகே மூடுவேன். கவரையும் அதற்குள் கொடியில் போட்டுவிடலாம். உள்பக்கம் வெளியே தெரியும்படி போட வேண்டும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

கவர் செய்யாத வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். அது காரைச் சூடாக வைத்திருக்காது. போர்வை நமக்குச் சூடு தருவது நம் உடம்பு சூடாக இருப்பதால்தான், நிற்கும் காரில் சூட்டுக்கு ஆதாரமே இல்லை. பேட்டரிக்குக் குளிர் குளிர்தான். சார்ஜ் முழுதாக உள்ள ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது, சார்ஜ் தீர்ந்ததோ மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து வெடிப்பு விடக்கூடும். ஆகவே வாரம் ஒருமுறை சார்ஜர் போடுவதை விடவில்லை. டயர் காற்றும் குளிரக் குளிரக் குறையும், 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ. இன்னொன்று, காற்றடிக்காத, அமைதியான, மூடிய இடம் எலிக்கும் பிடித்தமானது. கவரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

தினமும் கார் எடுப்பவர்களுக்கு முழுக் கவர் வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் உப்பும் சேறுமாக வரும் காரைத் தினமும் கழுவி உலர்த்தி மூட யாராலும் முடியாது. கழுவாமல் மூடினால் கீறல்தான் மிச்சம். முன்கண்ணாடிக்கு மட்டும் போடும் மூடி, இரண்டு ஓரமும் கதவுக்குள் சிக்கிக்கொள்கிற மாதிரி உள்ளது, அவர்களுக்குப் போதும். முழுக் கவர் எங்களைப் போல நாள்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு.

போன வாரம் குளிர் முழுதாக விட்டது. கவரைக் குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில், கையால் அலசினேன். துணி மென்மையாக்கி சேர்க்கவில்லை, டிரையரிலும் போடவில்லை. மென்மையாக்கி துணிமேல் படிந்து தண்ணீர் உருண்டோடும் குணத்தைக் கெடுக்கும், சூடு நடுப்படலத்தைக் கெடுக்கும். காரைக் கழுவி, இருட்டிய பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மட்கார்டு நான் விட்டபடியே இருக்கிறது. கூரை, பானெட், கதவுகள் சுத்தம். பின்பம்பரின் வலது மூலையில் மட்டும், எலாஸ்டிக் அழுத்தும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மங்கல் கோடு. எலாஸ்டிக்கின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நைசான மணல். சக்கரம் வாரியடித்தது அங்கே போய்த் தங்கி, காற்றில் துணி அசையும்போதெல்லாம் தேய்த்திருக்கிறது.

கையால் பாலிஷ் போட்டதும் அந்தக் கோடு போய்விட்டது. மணல் தங்காமலிருக்க எலாஸ்டிக் மடிப்பை நான்கு மூலையிலும் பிரித்து, தட்டையாக்கி, உள்பக்கம் நான்கு அங்குல அகலத்துக்கு ஃபிளானல் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மூலை முடிந்தது. நான்காவதை இந்த வார இறுதியில் முடித்துவிட்டு, கவரை பிளாஸ்டிக் பையில் இல்லாமல் பழைய தலையணை உறைக்குள் போட்டு, சிவப்பு நூல் மேலே தெரியும்படி அலமாரியில் வைக்க வேண்டும்.